கிட்னி கேன்சர் பரவிவிட்டது, இனி ஆபரேஷன் உண்டுங்களா? வார்டில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கோவையில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக அறுவைப் பிரிவில் 19 வருடம் செவிலியராக வேலை பார்த்தேன். தாராபுரம், காங்கேயம், கோபி, அந்தியூர், உடுமலை, கரூர், நாமக்கல் என்று எல்லாத் திசையிலிருந்தும் வருவார்கள். பாதிப் பேர் என்னை ‘சிஸ்டர்’ என்பார்கள், வயதானவர்கள் ‘கண்ணு’ என்பார்கள். ரவுண்ட்ஸ் முடித்து டாக்டர் போன பிறகு, அவரிடம் கேட்கத் தயங்கியதை எல்லாம் என்னிடம் கேட்பார்கள். சிறுநீரகத்தில் தொடங்கி வேறு உறுப்புகளுக்கும் போய்விட்ட புற்றுநோயைப் பற்றித்தான் குழப்பம் அதிகம். அந்தக் கேள்விகளையும், டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டு நோயாளியின் ஸ்கேனை நேரில் பார்த்த டாக்டர் சொல்வதுதான் முடிவு. அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவட்டும்.

கிட்னியில் வந்த கட்டி நுரையீரலிலும் இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் இரண்டு கேன்சருங்களா?

இல்லை, ஒன்றுதான். பக்கத்துத் தோட்டத்துப் பார்த்தீனியம் விதை காற்றில் வந்து உங்கள் மஞ்சள் காட்டில் முளைத்தாலும் அது பார்த்தீனியம்தானே. அதுபோல நுரையீரலில் இருப்பதும் சிறுநீரகப் புற்றுதான். மருந்தும் சிறுநீரகப் புற்றுக்கான மருந்துதான்.

இதயம் ஒவ்வொரு நிமிடமும் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அவ்வளவு ரத்தம் ஓடும் இடத்தில் வளர்வதால் இந்தக் கட்டிக்கும் ரத்தக்குழாய்கள் ஏராளம். அந்த வழியாகத்தான் இது பயணம் போகிறது. அதிகம் போவது நுரையீரலுக்கு. பிறகு எலும்பு, நிணநீர் முடிச்சு, கல்லீரல், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, மூளை. கணையத்திலும் தைராய்டிலும் கூடச் சில நேரம் பல வருடம் கழித்துத் தலைகாட்டும்.

அந்தக் கிட்னியை எடுத்து வீசிவிட்டால் சரியாகிவிடாதுங்களா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கட்டி சிறுநீரகத்துக்குள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஆம், அறுவையே முழு சிகிச்சையாக அமையலாம். பரவிய பிறகு கதை வேறு. சிறுநீரகத்தை எடுத்தாலும் மற்ற இடங்களில் இருப்பது அங்கேயே இருக்கும். அதனால் ‘ஆபரேஷன்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு நோக்கங்கள் இருக்கின்றன. டாக்டர் எதைப் பேசுகிறார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, கட்டி தொடங்கிய சிறுநீரகத்தை எடுப்பது. உடம்பில் உள்ள மொத்தப் புற்றின் சுமையைக் குறைத்து, மீதியை மருந்து பார்த்துக்கொள்ளட்டும் என்பது இதன் எண்ணம். இரண்டாவது, பரவிய இடத்தில் உள்ள கட்டியையே எடுப்பது. ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் இருந்து, எல்லாவற்றையும் முழுதாக எடுக்க முடிந்தால்தான் இதற்குப் பொருள் உண்டு. மூன்றாவது, தொல்லையைத் தீர்ப்பதற்கான அறுவை. உடையப் போகும் தொடை எலும்புக்குக் கம்பி வைப்பது, தண்டுவடத்தை அழுத்தும் கட்டியை அகற்றுவது போன்றவை. இது ஆயுளைக் கூட்டாமல் போகலாம். ஆனால் ஒருவர் எழுந்து நடப்பதும் படுக்கையில் கிடப்பதும் இதனால் மாறும்.

“இப்போது ஆபரேஷன் வேண்டாம், முதலில் மருந்து” என்கிறார் டாக்டர். எங்களைக் கைவிட்டுவிட்டாரா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலர் கண் கலங்கிவிடுவார்கள். ஆபரேஷன் என்றால் வைத்தியம் நடக்கிறது, ஆபரேஷன் இல்லை என்றால் எல்லாம் முடிந்தது என்ற நினைப்பு நம் பக்கம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. அப்படி நினைத்து ஃபைலை எடுத்துக்கொண்டு, ‘யார் உடனே ஆபரேஷன் பண்ணுவாங்களோ அங்கே போலாம்’ என்று ஊர் ஊராக அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அலைந்த காலத்தில் நோய் வளர்ந்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

25 வருடத்துக்கு முன்பு பரவிய சிறுநீரகப் புற்றுக்கு நல்ல மருந்தே கிடையாது. இன்டர்ஃபெரான் என்ற ஊசிதான் பரவலாக இருந்தது. 2001இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த இரண்டு ஆய்வுகள் வெளியாயின. இன்டர்ஃபெரான் மட்டும் போட்டவர்களையும், முதலில் சிறுநீரகத்தை எடுத்துவிட்டு இன்டர்ஃபெரான் போட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டு ஆய்வுகளிலும் சேர்த்து 331 பேர். அறுவை செய்தவர்களின் இடைநிலை ஆயுள் 13.6 மாதம், செய்யாதவர்களுக்கு 7.8 மாதம். இடைநிலை என்றால், வரிசைப்படுத்தினால் நடுவில் இருப்பவருடைய காலம். பாதிப் பேர் அதைவிட அதிகமாக இருந்தார்கள், பாதிப் பேர் குறைவாக. அதற்குப் பிறகு, உடம்பு தாங்கும் என்றால் முதலில் சிறுநீரகத்தை எடுப்பது என்பதே உலகம் முழுக்க வழக்கம் ஆனது.

2006 வாக்கில் சுனிடினிப் போன்ற மாத்திரைகள் வந்தன. கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைக்க விடாமல் தடுக்கும் மருந்துகள் இவை. இன்டர்ஃபெரானைவிட நன்றாக வேலை செய்தன. அப்போதுதான் ‘மருந்து இவ்வளவு நல்லதாகிவிட்ட பிறகும் முதலில் ஆபரேஷன் தேவையா’ என்ற கேள்வி எழுந்தது. பிரான்ஸை மையமாக வைத்து கார்மெனா என்ற ஆய்வு 450 பேரிடம் நடந்தது. 2018இல் முடிவு வந்தது. அறுவை செய்து பிறகு சுனிடினிப் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 13.9 மாதம். அறுவை இல்லாமல் சுனிடினிப் மட்டும் எடுத்தவர்களுக்கு 18.4 மாதம். முதலில் மருந்து என்பது அறுவைக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது.

ஏன் அப்படி? நான் வார்டில் கண்ணால் பார்த்ததை வைத்தே இது எனக்குப் புரிந்தது. நோய் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பெரிய அறுவை செய்தால், அவர் தேறி எழ ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகிறது. அதுவரை மருந்தைத் தொடங்க முடியாது. நோய் அந்த இடைவெளியில் சும்மா இருப்பதில்லை. கார்மெனாவில் அறுவைப் பிரிவில் இருந்தவர்களில் 40 பேர் கடைசி வரை மருந்தையே எடுக்க முடியாமல் போனார்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டு ‘அறுவையே வீண்’ என்றும் முடிவுகட்டக் கூடாது. அந்த ஆய்வில் இருந்தவர்கள், நோயின் போக்கு மோசமாகும் ஆபத்து நடுத்தரமாகவோ அதிகமாகவோ இருந்தவர்கள். மருந்துப் பிரிவில் இருந்தவர்களிலும் சுமார் 17 சதவீதம் பேருக்குப் பிற்பாடு சிறுநீரகத்தை எடுக்க வேண்டி வந்தது. சர்டைம் என்ற இன்னொரு சிறிய ஆய்வு 99 பேரை வைத்து, முதலில் அறுவையா, சில மாதம் மருந்து கொடுத்துப் பிறகு அறுவையா என்று பார்த்தது. ஆயுள் கணக்கில் தள்ளிப்போட்டவர்களே மேலாக இருந்தார்கள். ஆட்கள் குறைவு என்பதால் அதை மட்டும் வைத்து உறுதியாகப் பேச முடியாது. ஆனாலும் ஒரு விஷயம் புரிகிறது: முதலில் மருந்து கொடுத்தால், மருந்துக்கு அடங்காமல் ஓடும் நோய் யாருக்கு என்று தெரிந்துவிடுகிறது. பயனில்லாத ஒரு பெரிய அறுவையின் வலி அவர்களுக்கு இல்லாமல் போகிறது.

ஆகவே டாக்டர் ‘முதலில் மருந்து’ என்றால், ஆபரேஷனுக்கான நேரம் இது இல்லை என்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். “எத்தனை மாதம் கழித்து ஸ்கேன்? அதில் என்ன தெரிந்தால் ஆபரேஷன் பற்றி மறுபடி பேசுவீர்கள்?” என்று கேளுங்கள். நல்ல டாக்டர் அதற்குத் தெளிவாகப் பதில் சொல்வார்.

அப்படியானால் யாருக்கு முதலிலேயே கிட்னியை எடுப்பார்கள்?

ஆறு விஷயங்களைப் பார்த்து நோயாளியை எடைபோடும் ஒரு முறை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. தன் வேலையைத் தானே செய்ய முடியாத அளவுக்கு உடம்பு தளர்ந்திருக்கிறதா, நோய் தெரிந்து ஒரு வருடத்துக்குள்ளேயே மருந்து தேவைப்படுகிறதா, ஹீமோகுளோபின் குறைவா, ரத்தத்தில் கால்சியம் அதிகமா, வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் அதிகமா, தட்டணுக்கள் அதிகமா. ஒன்றும் இல்லை என்றால் குறைந்த ஆபத்து. ஒன்று அல்லது இரண்டு இருந்தால் நடுத்தரம். மூன்றும் அதற்கு மேலும் என்றால் அதிக ஆபத்து. பார்த்தீர்களா, ஆறில் நான்கு சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும்.

உடம்பு திடமாக இருந்து, இந்தக் கணக்கில் எதுவுமில்லாமல் அல்லது ஒன்று மட்டும் இருந்து, புற்றின் பெரும்பகுதி சிறுநீரகத்திலேயே இருந்து, வெளியே கொஞ்சமாகத்தான் பரவியிருக்கிறது என்றால் முதலிலேயே அறுவையைப் பற்றி யோசிப்பார்கள். சிறுநீரில் ரத்தம் நிற்காமல் போகிறது, வலி தாங்கவில்லை என்றாலும் எடுக்க நேரலாம். அறுவை தாங்காத உடம்பு என்றால் அந்தச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைத்து ரத்தப்போக்கை நிறுத்தும் வழியும் உண்டு. மூளையில் பரவல், கல்லீரல் நிறையப் பரவல், படுத்த படுக்கை, இவற்றில் ஒன்று இருந்தாலும் பெரும்பாலும் அறுவைக்கு அவசரப்பட மாட்டார்கள்.

மருந்து என்றால் கீமோவா? முடி கொட்டுமா?

வழக்கமான கீமோ சிறுநீரகப் புற்றுக்குப் பெரிதாக வேலை செய்வதில்லை, அதனால் கொடுப்பதும் அரிது. இன்று கொடுப்பது இரண்டு வகை. ஒன்று, சுனிடினிப், பாசோபனிப், ஆக்சிடினிப், கபோசான்டினிப் போன்ற மாத்திரைகள். ரத்தக் கொதிப்பு, வயிற்றுப்போக்கு, உள்ளங்கை உள்ளங்கால் எரிச்சல், தைராய்டு குறைவது இவற்றின் தொல்லைகள். மற்றொன்று, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றின் மேல் ஏவிவிடும் நிவோலுமாப், இபிலிமுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற ஊசிகள். 2018க்குப் பிறகு இவற்றைச் சேர்த்துக் கொடுப்பதுதான் முன்வரிசைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. கார்மெனா நடந்தபோது இந்தச் சேர்க்கை புழக்கத்தில் இல்லை. அதனால் ஊசிகளின் காலத்தில் அறுவையை எங்கே வைப்பது என்று புதிய ஆய்வுகள் நடக்கின்றன. மருந்துக்குக் கட்டிகள் நன்றாகச் சுருங்கி, மிச்சம் சிறுநீரகத்தில் மட்டும் நின்றால், அதை எடுத்துவிடலாமா என்பது டாக்டர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் விஷயமாக இருக்கிறது.

ஒன்று முக்கியம். மாத்திரை சாப்பிடும்போது அறுவை என்றால், காயம் ஆற வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். எத்தனை நாள் முன்பு என்பது மருந்துக்கு மருந்து மாறும். நீங்களாக நிறுத்தவும் கூடாது, மறந்து தொடரவும் கூடாது.

கத்தி பட்டால், ஊசி குத்தினால் பரவும் என்று ஊரில் சொல்கிறார்களே?

நான் அதிகம் சண்டை போட்டது இந்தப் பேச்சோடுதான். சிறுநீரகப் புற்று வயிற்றுக்குள் ஆழத்தில், சத்தமில்லாமல் வளர்வது. கண்டுபிடிக்கும்போதே ஐந்தில் ஒருவர், நான்கில் ஒருவர் என்ற அளவில் ஏற்கெனவே பரவியிருக்கும். ஆபரேஷன் செய்த பிறகு எடுத்த ஸ்கேனில் அது தெரிய வந்தால், ‘கத்தி பட்டுப் பரவிவிட்டது’ என்று பங்காளி வீட்டில் ஒருவர் சொல்வார், அது மூன்று ஊருக்குப் போய்விடும்.

ஊசி மூலம் சதை எடுக்கும் பயாப்சியால் புற்று பரவுவது மிக மிக அரிது. மருந்தை முதலில் தொடங்குவதாக இருந்தால் பயாப்சி கட்டாயம் வேண்டும். ஏனென்றால் சிறுநீரகப் புற்றில் பல வகை உண்டு. ஏறக்குறைய முக்கால்வாசி ‘கிளியர் செல்’ என்ற வகை, மீதி வேறு. எந்த வகை என்று தெரியாமல் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

நுரையீரலில் உள்ள கட்டியை எடுக்க முடியுங்களா?

சிலருக்கு முடியும். 1939இல் பார்னி, சர்ச்சில் என்ற இரண்டு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவருக்குச் சிறுநீரகத்தையும் எடுத்து, நுரையீரலில் பரவியிருந்த பகுதியையும் எடுத்தார்கள். அவர் அதற்குப் பிறகு 23 வருடம் வாழ்ந்தார், கடைசியில் இறந்தது இதய நோயால். பரவிவிட்டாலும் சிலருக்கு வழி உண்டு என்று மருத்துவ உலகம் நம்பத் தொடங்கியது அந்த ஒருவரை வைத்துத்தான். எனக்கு அதைப் படித்துச் சொன்ன டாக்டர், கூடவே இதையும் சொன்னார்: “சிஸ்டர், இந்த ஒருவரை எல்லாருக்கும் காட்டி ஆசை காட்டக் கூடாது.”

யாருக்குப் பொருந்தும் என்றால், கட்டி ஒன்று அல்லது சில, எல்லாவற்றையும் மிச்சம் வைக்காமல் எடுக்க முடியும், சிறுநீரகத்தை எடுத்து நெடுநாள் கழித்துத்தான் இது தோன்றியது, உடம்பு தாங்கும் என்ற நிலைமை இருந்தால். இடமும் முக்கியம். நுரையீரல், கணையம், தைராய்டு, அட்ரினல் என்றால் வாய்ப்பு கொஞ்சம் மேல். கல்லீரலும் மூளையும் கடினம். பாதி எடுத்துப் பாதி விடுவதாக இருந்தால் பெரும்பாலும் கத்தியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எடுக்க முடியாத இடத்துக்கு, ஒரே புள்ளியில் குவித்து அதிக அளவில் கதிர் செலுத்தும் முறை இப்போது இருக்கிறது. ‘கிட்னி கேன்சருக்குக் கரண்ட் (கதிர் சிகிச்சை) வேலை செய்யாது’ என்று முன்பு சொல்வார்கள். பழைய முறைக்கு அது ஓரளவு உண்மை, இந்தக் குவிமுறைக்குப் பொருந்தாது.

பரவிய கட்டியையும் முழுதாக எடுத்தவர்களில் சிலருக்கு, ஒரு வருட காலம் பெம்ப்ரோலிசுமாப் ஊசி போடுவதைப் பற்றியும் டாக்டர் பேசலாம். அந்த ஊசி நோய் திரும்புவதைத் தள்ளிப்போடுகிறது என்று 2021இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது, ஆயுளையும் கூட்டுகிறது என்று 2024இல் தெரிந்தது. விலைதான் பெரிய மலை.

சிறியதாக இருக்கிறது, மூன்று மாதம் பார்க்கலாம் என்கிறார்கள். சும்மா விடலாமா?

சிலருடைய நோய் மிக மெதுவாக நகரும். தொல்லை இல்லை, கட்டிகள் சின்னது, வளர்ச்சி மெதுவு என்றால், ஸ்கேன் எடுத்துக் கவனித்துக்கொண்டே மருந்தின் தொல்லையைச் சில காலம் தள்ளிப்போடுவது ஒப்புக்கொள்ளப்பட்ட முறைதான். ஆனால் சொன்ன தேதிக்கு ஸ்கேனுக்குப் போயே ஆக வேண்டும். வெள்ளாமை நேரம், மண்டிக்குப் போகணும், கல்யாணம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

தொடை எலும்பில் பரவியிருக்கிறது. கட்டுப் போடும் வைத்தியரிடம் போகலாமா?

தயவுசெய்து வேண்டாம். நம் பக்கம் எலும்பு வலி என்றால் முதலில் கால் போகும் இடம் அதுதான். காங்கேயம் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், இரண்டு மாதம் தொடை வலி என்று எண்ணெய் போட்டு நீவிக் கட்டுக் கட்டிக்கொண்டார். ஒருநாள் டிவிஎஸ் வண்டியிலிருந்து காலை ஊன்றி இறங்கினார், எலும்பு அப்படியே முறிந்தது. எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் சிறுநீரகத்தில் கட்டி இருப்பதே தெரிந்தது. முறிந்த பிறகு செய்யும் அறுவையைவிட, முறிவதற்கு முன்பே கம்பி வைப்பது எவ்வளவோ எளிது. கரையான் அரித்த உத்திரத்தைக் கீழே விழுவதற்கு முன்பு முட்டுக் கொடுப்பது போலத்தான்.

இந்தப் புற்று பரவிய எலும்பில் ரத்தம் மிக அதிகம். அதனால் அறுவைக்கு ஒன்றிரண்டு நாள் முன்பு அங்கே போகும் ரத்தக்குழாயை அடைத்துவிட்டு, பிறகு கத்தி வைப்பார்கள். “அதை ஏன் தனியாகச் செய்கிறார்கள், கூடுதல் பில் போடவா?” என்று ஒருவர் கேட்டார். இல்லை, அதைச் செய்யாவிட்டால் மேசையிலேயே ரத்தம் கொட்டிவிடும். அறுவைக்குப் பிறகு அந்த இடத்துக்குக் கரண்ட் வைப்பார்கள். ஒரே ஒரு எலும்பில் மட்டும் இருந்தால், அந்தப் பகுதியையே முழுதாக எடுத்துச் செயற்கை மூட்டு வைப்பதும் உண்டு.

எலும்பைப் பலப்படுத்தும் ஊசி தொடங்குவதற்கு முன்பு பல் டாக்டரிடம் காட்டச் சொல்வார்கள். அதைத் தவிர்க்காதீர்கள். அந்த ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து இருக்கிறது.

கட்டி ரத்தக்குழாய்க்குள் ஏறிவிட்டது என்கிறார்களே?

சிறுநீரகப் புற்றின் தனிக் குணம் அது. சிறுநீரகத்தின் சிரை வழியாக வளர்ந்து, வயிற்றின் பெரிய சிரைக்குள் வால் போல நீளும். சிலருக்கு இதயம் வரைக்கும் போகும். கேட்கப் பயமாக இருந்தாலும், வேறு எங்கும் பரவாமல் இது மட்டும் இருந்தால் அறுவை செய்து நல்ல பலன் பெற்றவர்கள் உண்டு. பெரிய அறுவை. இதய அறுவைக் குழுவும் சேர்ந்து நிற்க வேண்டியிருக்கலாம். எல்லா ஊரிலும் செய்ய முடியாது, அனுபவம் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆபரேஷனுக்கு எத்தனை நாள் ஆகும்? காட்டு வேலைக்கு எப்போது போகலாம்?

சிறிய கட்டி என்றால் துளை போட்டு லேப்ராஸ்கோப்பியிலோ ரோபோ துணையோடோ செய்வார்கள். பெரிய கட்டி என்றால் வயிற்றைத் திறந்துதான். மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை மருத்துவமனையில் இருக்க வேண்டிவரும். ரத்தம் கொடுக்க இரண்டு மூன்று பேரை முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிட்டால் சேர்க்கும் அன்றே சொல்லிவிடுங்கள். பீடி சிகரெட்டை அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

மறுநாளே எழுப்பி நடக்கவைப்போம். “ஆபரேஷன் பண்ணுன ஆளை நடக்க வைக்கிறீங்களே” என்று வீட்டுப் பெண்கள் என் மேல் கோபப்படுவார்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகும், சளி கட்டும். அதற்காகத்தான். ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது. பால் கேன், உரமூட்டை, பாவு, பனியன் பண்டல் எதுவானாலும் சரி.

ஒரு கிட்னியோடு வாழ முடியுமா? இளநீர் கொடுக்கலாமா?

மீதி உள்ள சிறுநீரகம் நன்றாக இருந்தால் தாராளமாக வாழலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை மட்டும் தவறாமல் பாருங்கள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் கட்டுக்குள் இருக்க வேண்டும். உடம்பு வலிக்கு மெடிக்கலில் நீங்களே கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள்தான் பெரிய எதிரி. டைக்ளோஃபினாக் மாதிரியானவை இருக்கிற ஒரு சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலிருந்து வருபவர்கள் வரும்போதே இளநீர்க் குலையோடு வருவார்கள். கிரியேட்டினினும் பொட்டாசியமும் சரியாக இருந்தால் இளநீர் குடிக்கலாம். அவை ஏறியிருந்தால் கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், அது ரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். சாப்பாட்டைப் பற்றி ஒன்று: ‘கேன்சருக்கு அது ஆகாது இது ஆகாது’ என்று ஒதுக்கி ஒதுக்கி ஆளை எலும்பாக்கிவிடாதீர்கள். அரிசிம்பருப்புச் சாதம், முட்டை, தயிர் என்று அவருக்குப் பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கிரியேட்டினின் ஏறியவர்களுக்கு மட்டும் அளவு வேறு, அதை டாக்டர் சொல்வார்.

அய்யனுக்குத் தெரிய வேண்டாம். கல்லடைப்பு என்று சொல்லிவிடலாமா சிஸ்டர்?

மகன்கள் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு ரகசியமாகக் கேட்பது இது. பாசத்தில்தான் கேட்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் நான் ஒத்துக்கொண்டதில்லை. தன் உடம்பில் ஓர் உறுப்பை எடுக்கக் கையெழுத்துப் போடுபவர் அவர். எதற்கு என்று தெரியாமல் எப்படிப் போடுவார்? மருந்தின் தொல்லை வரும்போது, ‘கல்லுக்கு எதுக்கு இத்தனை மாத்திரை’ என்று நிறுத்திவிடுவார்.

ஒரு பெரியவர் ராத்திரி டியூட்டியில் என்னிடம் சொன்னார்: “கண்ணு, பசங்க பாவம். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்காங்க.” அவருக்குக் கிணற்றுப் பங்கைப் பற்றித் தம்பியோடு பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. முறைத் தண்ணீர் விஷயமாகப் பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லை. மறைத்துவைத்திருந்த வீட்டில் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தவித்தார். மறுநாள் மகன்களை உட்காரவைத்து நான்தான் பேசினேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். அவர் கேட்கும் அளவுக்கு, கேட்கும் வேகத்தில் சொல்லுங்கள். பொய் மட்டும் வேண்டாம்.

எவ்வளவு செலவாகும்? காட்டை விற்க வேண்டுமா?

விலை பேசுவதற்கு முன்பு காப்பீட்டைப் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அட்டை இருந்தாலும், சேரும் முன்பே ‘இந்த ஆபரேஷன் இங்கே திட்டத்தில் வருமா’ என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள். கோவை, சேலம், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை ‘ஜிஹெச்தானே’ என்று ஒதுக்காமல் அங்கேயும் போய்க் கேளுங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1954இலிருந்து இதற்கென்றே இருக்கிறது.

சுனிடினிப், பாசோபனிப் இரண்டிலும் விலை குறைந்த இந்தியத் தயாரிப்புகள் கிடைக்கின்றன. எதிர்ப்புச் சக்தி ஊசிகள் விலை அதிகம். காட்டை விற்பதற்கு முன்பு, “இந்த ஊசியால் இவருக்கு எதிர்பார்க்கும் பலன் என்ன, எத்தனை மாதத்தில் அது தெரியும், பலன் இல்லை என்றால் எப்போது நிறுத்துவோம்” என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இரண்டாவது டாக்டரிடம் கேட்டால் முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாரா?

கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். ஸ்கேன் சிடி, பயாப்சி ரிப்போர்ட், அந்தச் சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் துண்டு மூன்றையும் வாங்கிக்கொண்டு போங்கள். அறுவை டாக்டர், மருந்து கொடுக்கும் புற்றுநோய் டாக்டர், கதிர் சிகிச்சை டாக்டர் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் இடம் கிடைத்தால் மிக நல்லது. ஒரு வாரம், பத்து நாள் இதற்குச் செலவழிப்பதில் தவறில்லை. மாதக்கணக்கில் அலைவதுதான் தவறு.

நாட்டு மருந்தும் சேர்த்துக் கொடுக்கலாமா?

எது கொடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். பஸ்பம், சூரணம் சில சிறுநீரகத்தைப் பாதிக்கும். சில பொருள்கள் மாத்திரையின் அளவை ரத்தத்தில் கூட்டும், குறைக்கும். அறுவைக்கு முன்பு நாட்டு மருந்து எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும்.

பிள்ளைகளுக்கும் வருமா?

பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதில்லை. 46 வயதுக்குள் வந்திருந்தாலோ, இரண்டு சிறுநீரகத்திலும் இருந்தாலோ, நெருங்கிய ரத்த உறவில் இன்னொருவருக்கும் வந்திருந்தாலோ மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

எப்போது காத்திருக்காமல் ஓடி வர வேண்டும்?

கால் திடீரென்று பலமிழப்பது, மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ தெரியாமல் போவது: இது தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறி. அன்றே வந்தால் நடையைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது, இரண்டு நாள் தள்ளினால் பெரும்பாலும் இல்லை. வலிப்பு, விடாத தலைவலியோடு வாந்தி, திடீர் மூச்சுத்திணறல், சிறுநீரில் கட்டி கட்டியாக ரத்தம் வந்து அடைத்துக்கொள்வது, அறுவைக் காயத்தில் சீழும் காய்ச்சலும், இவற்றுக்கும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. பேச்சில் தடுமாற்றம், ஓயாத தாகம், மலச்சிக்கல், தூங்கித் தூங்கி விழுவது என்றால் கால்சியம் ஏறியிருக்கலாம். ஊசியில் சரிசெய்யக்கூடியது, வயசு என்று விட்டுவிடாதீர்கள்.

தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் குடும்பம் என்றால், 108க்கு வழி சொல்லப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம், கோயில், பால் சொசைட்டி என்று ஓர் அடையாளத்தை முன்பே எழுதி வையுங்கள். ஃபைலையும் கடைசி ஸ்கேனையும் கதவு ஓரத்திலேயே ஒரு பையில் மாட்டி வையுங்கள்.